சில்வர் மிஸ்ட் தோற்ற மறுநாள்

இந்தக் கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகன் விஜயன் ஜாக்கி. சனிக்கிழமை மாலை மலைக்குக் கீழே நடந்த பந்தயத்தில், எல்லோரும் வெல்லும் என்று நம்பிய சில்வர் மிஸ்ட் என்ற சாம்பல் நிறக் குதிரை மேல் அவன்தான் இருந்தான். அது ஒரு கழுத்தளவில் தோற்றது. பந்தயம் முடிந்ததும் நடுவர்கள் அவனை அறைக்குக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்கள். ‘குதிரைக்கு மூச்சு சரியில்லை’ என்றான். குதிரை டாக்டர் பார்த்துவிட்டு மூச்சில் ஒரு குறையும் இல்லை என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றும் அவன் பேச்சை நம்பவில்லை என்றால் லைசென்ஸ் போய்விடும்.

அது அவர்கள் தீர்ப்பு. ஆட்களின் பேர் பதிந்து கணக்கெழுதும் பெரிய கிராணியாக நான் இருந்த எங்கள் எஸ்டேட்டில் தீர்ப்பு சனிக்கிழமையே வந்துவிட்டது. பெரிய கிராணி வீட்டுப் பையன் குதிரையைப் பிடித்துவிட்டான்!

பிடிப்பது என்றால் வேண்டுமென்றே கடிவாளத்தை இழுத்து வைத்துத் தோற்பது. அதை யாருக்காகவாவது செய்தான் என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியாண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நான் தலைவர், அவர் செயலாளர். காய்கறி ஏற்ற இரண்டு லோரி வைத்திருக்கிறார். எப்போதும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற மனிதர்.

“தலைவரே, சாயங்காலம் கமிட்டி கூடுது.”

“தெரியும். கூட்டச் சொன்னதே நான்தானே. மேளக்காரங்க விஷயம்.”

“மேளம் கெடக்கட்டும்லா. ஜனங்க வேற கேக்குறாங்க.”

“என்ன கேக்குறாங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேலியில் படர்ந்த சௌசௌ கொடியைப் பார்த்துச் சொன்னார். “இந்த வருஷம் சக்தி கரகம் யாரு தலையிலன்னு.”

திருவிழா தொடங்கும்போது அம்மனை அழைத்துவரும் கரகத்தை என் தகப்பனார் சுமந்தார். பிறகு நான். என் முழங்கால் மறுத்த பிறகு விஜயன். வேறு ஒரு வீட்டுத் தலையில் அது ஏறியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குக் காப்புக் கட்டவேண்டும்.

“என் மகன் பிடிச்சிருந்தா,” என்றேன், “அந்தக் கரகத்த வேற வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் குடுப்பேன். பிடிக்கலன்னா, கேட்டவங்க வந்து என் வாசல்ல நிக்கணும்.”

“நான் கேக்கல தலைவரே. நானும் அவன் மேலதான் பணம் கட்டியிருந்தேன்.”

“அதனாலதான் கேட்டுக்கு வெளிய நிக்கிறீங்களா?”

முனியாண்டி லோரியில் ஏறிப் போனார்.

விஜயன் கொல்லையில் முட்டைக்கோஸ் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் மனைவி யோகேஸ்வரி தட்டோடு நின்றிருந்தாள்.

“ஒரே ஒரு இட்லிடா. ஒரு இட்லில எட ஏறிடுமா?”

“ஏறும்மா.”

“அப்ப பாதி சாப்புடு. மீதி பாதிய குதிரைக்குக் குடு.”

அவன் சிரிக்கவில்லை. நான் கேட்க வந்ததற்கு அதுவே தோதாக இருந்தது.

“விஜயா. பிடிச்சியா?”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“குதிரைக்கு மூச்சு சரியில்லப்பா.” சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான்.

எங்கள் வீட்டில் பொய் சொல்கிறவர்கள் செருப்பைத்தான் பார்ப்பார்கள். ஐந்து வயதில் பார்த்தான். இருபத்தொன்பது வயதிலும் பார்த்தான். மூச்சுக் கதை பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

*

நளினி கோலா தெர்லாவிலிருந்து கீழே வந்து சேர்ந்தபோது மணி பத்திருக்கும். என் மூத்த மகள். அங்கே பூந்தோட்டம் வைத்திருக்கிறாள். காரிலிருந்து இறங்கும்போதே கையில் போனைத் தயாராக வைத்திருந்தாள்.

“அப்பா, ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு யாரை வேணும்னாலும் திட்டுங்க.”

“நான் பந்தயம் பாக்குறதில்ல.”

அது உண்மை. விஜயன் படிப்பை விட்டுவிட்டுக் குதிரை லாயத்துக்குப் போன நாளிலிருந்து அவன் ஓட்டிய எந்தப் பந்தயத்தையும் நான் பார்த்ததில்லை. ஜெயித்த செய்தியை ஊரார் சொல்லக் கேட்டுத் தலையை அசைத்ததோடு சரி.

“பாக்காமலே எப்படிப்பா தீர்ப்பு சொல்வீங்க? கிராணி வேலைல இப்படித்தான் பேர் பதிஞ்சீங்களா?”

என்னிடம் இப்படிப் பேசத் துணிச்சல் உள்ள ஒரே ஆள் அவள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

பத்துக் குதிரைகள் கூண்டிலிருந்து பாய்ந்தன. சாம்பல் குதிரை எல்லாருக்கும் முன்னால் வந்தது. கொஞ்ச தூரத்திலேயே விஜயன் கையை மடக்கிக் கடிவாளத்தை இறுக்கினான். குதிரை தலையைத் தூக்கியது, மறுபடி தூக்கியது. மற்றொரு குதிரை முன்னால் போயிற்று. சாம்பல் குதிரை மூன்றாவதாக, வேலி ஓரமாக அடங்கி ஓடியது. கடைசி நேரான பாதையில் முன்னால் போனது வில்லிலிருந்து விட்டதுபோலப் பறந்தது. விஜயன் துரத்தினான், நெருங்கினான், முடிந்துபோயிற்று.

“பிடிச்சிட்டான்,” என்றேன்.

“இதத்தான் எல்லாரும் பாத்தாங்க. இப்ப நான் காட்டுறத பாருங்க.” அவள் ஆரம்பத்துக்குப் போனாள். “இது எப்பவும் முன்னாடியே போற குதிரப்பா. அதோட பலம் அது. ஆனா வேற யாராவது கண்ணுமண்ணு தெரியாம வேகமா முன்னாடி போனா, கூடப் போட்டி போடக்கூடாது. ரெண்டும் களைச்சிரும், பின்னாடி வர்றவன் அள்ளிட்டுப் போயிருவான். அந்த நேரத்துல பின்னாடி உக்காந்து காத்திருக்கணும்.”

“அப்ப இவன் செஞ்சது சரிதானே?”

“முன்னாடி போனவன் வேகமா போயிருந்தா சரி. ஆனா அவன் வேகமாவே போகலயே. பாருங்க, பத்துக் குதிரையும் ஒரே கொத்தா ஒட்டிக்கிட்டு ஓடுது. வேகமா இருந்தா கயிறு மாதிரி நீண்டுருக்கும். முன்னாடி போனவன் சும்மா உலாத்துறான். பலத்தையெல்லாம் சேத்து வச்சுக்கிட்டுக் கடைசில விட்டான். இந்த எடத்துல பாருங்க, விஜயனுக்கு வெளிப்பக்கம் வழி தொறந்து கெடக்கு. போகல. குதிர தலையத் தூக்கித் தூக்கிப் போகவான்னு கேக்குது. விடல.”

“ஏன் விடல?”

“அதாம்பா எனக்கும் தெரியல. வேகத்த கணிக்கிறதுல அவன மிஞ்சினவன் கெடையாதுன்னு சொல்வாங்க. அவன் எப்படி இதத் தப்பா எடை போடுவான்? அதனாலதான் எல்லாரும் பிடிச்சான்னு சொல்றாங்க. தெரியாம செஞ்சான்னு யாராலயும் நம்ப முடியல.”

நான் மறுபடி போடச் சொன்னேன். பிறகு மறுபடியும். கடைசியில் போனை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த விஷயத்துக்குள் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது, சொல்ல நான் விடவில்லை.

“முன்னாடி போய் உலாத்தினது யாரு?” என்று கேட்டேன்.

நளினி தயங்கினாள். “பாயு திமோர்ங்கிற குதிர. மேல இருந்தது ஹஃபீஸ்.”

ஹஃபீஸ், ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமானின் மகன். விஜயனோடு ஒரே வகுப்பில் படித்தவன். இரண்டு பேரும் ஒரே வருஷம்தான் லாயத்தில் சேர்ந்தார்கள். உன் பையன்தான் என் பையனைக் கெடுத்தான் என்று அந்த வீடும் இந்த வீடும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு.

“காரை எடு,” என்றேன்.

“எங்கப்பா?”

“ஜெயிச்சவன் அப்பன் கடைக்கு.”

*

கமருஸ்ஸமான் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மலைக்கு ஏறிவந்த சுற்றுலாக்காரர்கள் எல்லா மேசையையும் பிடித்திருந்தார்கள். அவர் கல்லுக்குப் பின்னால் ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

“வாங்கண்ணே, வாங்க. ஹாஜரா, யாரு வந்திருக்கிறது பாரு!”

அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணன் இன்னிக்கு வரமாட்டாருன்னு இவுகளுட்ட பந்தயமே கட்டியிருப்பேன். மார்க்கத்துல ஆவாதுன்னுதான் விட்டேன்.”

“நல்லவேளை தங்கச்சி,” என்றேன். “தோத்திருப்ப.”

சுற்றி இருந்த எங்கள் எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்கள். நான் நடுக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓரமாக உட்கார்ந்தால் பேச்சு இன்னும் வளரும்.

“பாய், உங்க மகன் நல்லா ஓட்டினான். வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன். கூடவே ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“குதிர மேல உக்காந்திருக்கிறவனுக்குக் கையில கடிகாரம் கெடையாது. வேகம் ஜாஸ்தியா கம்மியான்னு எப்படித் தெரியும்?”

கமருஸ்ஸமான் மாவு உருண்டை ஒன்றை எடுத்தார். கல்லில் தட்டி, வீசி, மடித்து, மறுபடி தட்டினார். தட், வீச்சு, தட், தட்.

“கேட்டீங்களா? ஹஃபீஸுக்கு இதான் கடிகாரம். சின்னப் புள்ளைலேர்ந்து இந்தக் கல்லுக்கிட்டவே வளந்தவன்ல? நான் ஒரு ரொட்டி வீசி முடிக்கிறதுக்குள்ள குதிர ஒரு கம்பம் தாண்டணும். பந்தயத் திடல்ல வரிசையா கம்பம் நட்டிருப்பாங்க, தூரத்துக்கு. ரொட்டி முடியுறதுக்கு முந்தியே கம்பம் வந்துட்டா வேகம் ஜாஸ்தி. ரொட்டி முடிஞ்சும் கம்பம் வரலன்னா மெதுவு. அம்புட்டுதான்.”

“விஜயனுக்கு?”

“அதான் உங்களுக்கே தெரியுமே.”

“தெரியாது.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெல்ல, என் மரியாதை கெடாமல் சொன்னார். “அவனுக்கு மேளம்ண்ணே. உங்க கோயில் உறுமி. கரகத்துக்கு அடிப்பாங்கள்ல, அதுல ஒரு சுத்துக்கு ஒரு கம்பம். ரெண்டு பேரும் இந்த மேசைலதான் உக்காந்து, இவன் ரொட்டி தட்ட, அவன் மேளம் தட்ட, யாரு கணக்கு சரின்னு சண்ட போடுவாங்க. விஜயன்தான் ஜெயிப்பான். ரொட்டி சில நேரம் பிஞ்சுடும், மேளம் பிசகாதும்பான்.”

என் மகன் குதிரை மேல் உட்கார்ந்து எங்கள் கோயில் மேளத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக.

“ஹஃபீஸ் எங்க?”

“மேல மாடிலதான். வந்ததுலேர்ந்து சரியா பேசல. ஜெயிச்சவன் மாதிரியே இல்லண்ணே. இவ நாட்டுக்கோழி அடிச்சு ஆக்கி வச்சா, தொடவே இல்ல.”

“எட ஏறிடும்னு நெனச்சிருப்பான்,” என்றாள் நளினி.

“பந்தயம் முடிஞ்ச மறுநாளு என்ன எட?” என்றாள் ஹாஜரா. “அவன் மனசுல வேற என்னமோ இருக்கு.”

*

திரும்பி வரும்போது பனி இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவுகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. எஸ்டேட் வளைவில் திரும்பியதும் கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. மேளக்காரன் சுப்பனும் அவன் ஆட்களும் மாலைக் கூட்டத்துக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்தார்கள்.

“நளினி, நிறுத்து.”

அவள் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

இளவட்டங்கள் சேர்ந்து பல வருஷமாக மேளத்தை ஒரே ஆட்டமாக்கி வைத்திருந்தார்கள். போன வருஷத் திருவிழாவில் கரகம் ஓடியது. அதைப் பார்த்து மனம் கொதித்த நான், இந்த வருஷம் தலைவர் என்ற முறையில் உத்தரவு போட்டேன். கரகம் நடக்கவேண்டும், ஓடக்கூடாது. என் தகப்பனார் காலத்தில் எப்படி அடித்தார்களோ அப்படி நிதானமாக அடிக்கவேண்டும். சுப்பன் முணுமுணுத்தான். ஆனால் அடித்தான். லாயத்தில் விடுமுறை கிடைக்கும் திங்கட்கிழமைதோறும் விஜயன் மலை ஏறிவந்து, தலையில் குடம் வைத்து, அந்த நிதானமான அடிக்கு நடந்து பழகினான். வாரக்கணக்கில்.

பனிக்குள்ளிருந்து உறுமி கனைத்தது. அடுத்த அடி வருமா வராதா என்று காத்திருக்கும்படி மெதுவாக வந்தது. என் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“மேளம் மெதுவானா,” என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், “சுத்து முடிய நேரமாகும். சுத்து முடியுறதுக்குள்ள கம்பம் வந்துரும். எல்லாக் கம்பமும் முந்திக்கிட்டு வரும்.”

நளினி என் பக்கம் திரும்பினாள். “அப்ப அவனுக்கு, எல்லாம் ரொம்ப வேகமா போற மாதிரி இருந்திருக்கும்.”

“ஆமா.”

“அதான் பின்னாடி உக்காந்தான். அதான் வழி இருந்தும் போகல. ஒவ்வொரு கம்பத்துலயும் இன்னும் வேகம், இன்னும் வேகம்னு…” அவள் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. “அப்பா, அப்ப மேளத்த மெதுவா அடிக்கச் சொன்னது…”

“சொல்லாத. எனக்குப் புரியுது.”

கார் கண்ணாடியில் பனி படிந்தது. வீட்டுக்குப் போய், இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுப் படுக்க என்னால் முடியும். கரகத்தை முனியாண்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பெருந்தன்மையாகக் கொடுத்தேன் என்று பெயரும் வாங்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த அறையில் என் மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு மறுபடி மூச்சுக் கதை சொல்வான்.

“கோயிலுக்கு விடு,” என்றேன். “தம்பிக்குப் போன் போட்டு வரச் சொல்லு. வரமாட்டேன்னு சொன்னா அம்மாவ இழுத்துட்டு வரச் சொல்லு.”

*

கமிட்டி ஆட்கள் கோயில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். விஜயன் தூணோரம் நின்றான். யோகேஸ்வரி அவன் சட்டையின் பின்பக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி தொண்டையைக் கனைத்தார். “தலைவரே, மொதல்ல கரகம் விஷயத்த…”

“மொதல்ல மேளம் விஷயம்,” என்றேன். “சுப்பா, போன வருஷம் அடிச்சீங்களே, அதே வேகத்துல அடி.”

சுப்பன் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் பார்த்தான். “நெசமாவா? அப்புறம் வையக்கூடாது.”

“அடிடா.”

நளினி ஒரு ஸ்டூல் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்தயத்தை ஓடவிட்டாள். எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

“ஒவ்வொரு கம்பம் தாண்டும்போதும் நான் கம்பம்னு கத்துவேன்,” என்றாள். “மேளம் ஒரு சுத்து முடியுறதையும் கேளுங்க. எது மொதல்ல வருதுன்னு பாருங்க.”

சுப்பன் தொடங்கினான். போன வருஷத்து அடி, கால் தானாக ஆடும் அடி. சுற்று முடிந்தது. குதிரைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

“கம்பம்!” என்றாள் நளினி, தாமதமாக.

மறுபடி சுற்று முடிந்தது. மறுபடி காத்திருந்தோம். “கம்பம்!”

“மேளம் முந்துது,” என்றார் முனியாண்டி. அவர் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டார். “குதிரைங்க மெதுவாத்தான் போவுது. அதான்லா நாங்களும் சொல்றோம்! இவ்ளோ மெதுவா போறப்ப இவன் ஏன் பின்னால…”

“இப்ப, இந்த வருஷ அடி,” என்றேன்.

நளினி ஆரம்பத்துக்குப் போனாள். சுப்பன் என் உத்தரவுப்படி அடித்தான். நிதானமாக. கனமாக.

“கம்பம்!”

சுற்று பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

“கம்பம்!”

இந்த முறையும் மேளம் பின்தங்கியது. அதே குதிரைகள், அதே ஓட்டம். ஆனால் இப்போது காதுக்கு அவை தலைதெறிக்க ஓடுவதுபோல் இருந்தன. இப்படி ஒன்று நடக்கும் என்று கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

தூணோரம் ஒரு சத்தம். விஜயன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சாதாரணமாகவே சிறிய உடம்பு. அப்போது இன்னும் சிறிதாகத் தெரிந்தான்.

“மேளமா?” என்றான். “மேளந்தானா?”

“நீ பிடிக்கல,” என்றேன்.

“பிடிக்கலப்பா. ஆனா கணக்கு எப்படித் தப்பாச்சுன்னு எனக்கே தெரியல. நேத்துலேர்ந்து மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன். அது தலையத் தூக்கித் தூக்கிக் கேட்டுச்சு. போகலாம், போகலாம்னு. நான் மேளத்தத்தான் கேட்டேன். குதிர சொன்னத கேக்கல.”

“அப்ப ஏண்டா மூச்சு சரியில்லன்னு சொன்ன?”

அவன் முதன்முறையாகச் செருப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “பிடிச்சான்னு சொன்னாக்கூடப் பரவால்லப்பா. விஜயனுக்கு வேகம் தெரியலன்னு சொல்றத எப்படிக் கேட்டுக்கிட்டு நிக்கிறது?”

யோகேஸ்வரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டும் ஒரே அச்சு,” என்றாள் பொதுவாக.

முனியாண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். “எல்லாம் சரி. மேளத்த இப்படி மெதுவா அடிக்கச் சொன்னது யாரு?”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சுப்பன் மட்டும் மரியாதையாக உறுமியின் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நான்தான்,” என்றேன். “இனிமே சுப்பன் இஷ்டம்போல அடிக்கட்டும். ஆனா கரகம் ஓடக்கூடாது.”

யாரோ சிரித்துவிட்டார்கள். முனியாண்டிதான். சிரித்தபடியே வந்து விஜயன் தோளில் கை வைத்தார். “காப்பு வெள்ளிக்கிழம ஒனக்குத்தான்டா. ஆனா ஒண்ணு. இங்க சொன்னத செவ்வாய்க்கிழம அங்கயும் சொல்லணும். அங்க மூச்சு, இங்க மேளம்னு ரெண்டு கத வச்சுக்கிட்டு அம்மன தூக்கக்கூடாது.”

“சொன்னா சிரிப்பாங்கண்ணே.”

“சிரிக்கட்டும்,” என்றேன் நான். “உன் அப்பா நான் வந்து கூட நிப்பேன். வேணும்னா சுப்பனையும் உறுமியோட கூட்டிட்டு வரேன்.”

“லோரி நம்ம லோரி,” என்றார் முனியாண்டி.

விஜயன் தலையை ஆட்டினான். “சிரிச்சா பரவால்லப்பா. நம்பணுமே. மேளம் மெதுவாச்சு, அதனால ஏமாந்தேன்னு நம்ம கோயில்காரங்க வந்து சொன்னா, நமக்காகச் சொல்றாங்கன்னுதான் நெனப்பாங்க. வெளியாளு ஒருத்தன் சொல்லணும்.”

அப்போதுதான் நளினி போனை மறுபடி எடுத்தாள். போன திங்கட்கிழமைப் பயிற்சியை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள், தம்பி குடத்தோடு நடக்கும் அழகை அம்மாவுக்குக் காட்ட. அதில் மேளத்தின் வேகம் அப்படியே இருக்கும் என்று தேடினாள். தேடியவள் நிறுத்தினாள்.

“அப்பா, இங்க பாருங்க.”

விஜயன் குடத்தோடு நடக்கிறான். சுப்பன் அடிக்கிறான். அவர்களுக்குப் பின்னால், மண்டபப் படியில், கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஹஃபீஸ் உட்கார்ந்திருக்கிறான்.

“அவன் வந்திருந்தானா?”

“வந்தான்,” என்றான் விஜயன். “எப்பவும் வருவான்ல. கீழ போக என் கார்தானே அவனுக்கும். ஏண்டா மேளம் இவ்ளோ மெதுவா அடிக்கிறாங்கன்னு கேட்டான். அப்பா உத்தரவுன்னு சொன்னேன். சிரிச்சான்.” அவன் குரல் இறங்கியது. “அப்புறம் வண்டில ஏறினதும் பேசாம வந்தான்.”

சனிக்கிழமை முன்னால் போய் உலாத்தியவன் ஹஃபீஸ். விஜயனுடைய கடிகாரம் எது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஜாக்கியும் ஹஃபீஸ்தான்.

அதில் தப்பென்று சொல்ல முடியாது. பந்தயத்தில் அடுத்தவனுடைய பலவீனம் தெரிந்தால் அதன்படிதான் ஓட்டுவார்கள். ஆனால் அவன் வாயைத் திறந்தால் என் மகன் தப்பிப்பான். திறந்தால், பாலிய சிநேகிதனை என்ன வைத்து ஜெயித்தான் என்பதும் வெளியே வரும். ஜெயித்தவன் எதற்காகத் திறக்கவேண்டும்?

“நான் போயி கேக்கவா?” என்றான் விஜயன்.

“நீ வேண்டாம். நான் போறேன்.”

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் போய் நின்று ஒன்றைக் கேட்டதில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ரிங்லெட் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கமருஸ்ஸமான் கடையில் சுற்றுலாக்காரர்கள் போய்விட்டார்கள். கல் அணைந்திருந்தது. பின்மேசையில் ஹஃபீஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு தட்டு, தொடாத கோழி. நான் வந்ததை அவன் பார்க்கவில்லை. அவன் விரல் மேசை மேல் தட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று கேட்டேன். அது அவன் அப்பாவின் ரொட்டி இல்லை. நிதானமாக, கனமாக, அடுத்த அடி வருமா வராதா என்று காத்திருக்கும்படி வந்தது.

சுற்று முடிந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விரல் நின்றது.

“உக்காருங்க மாமா,” என்றான். “நீங்க வருவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருக்கேன்.”